நாலாம் நாள் தேத்தண்ணி

தட்டில் ஐந்து கோப்பைகள். நடுவில் சிறுதட்டாக ஒரு பீரிசு. பீரிசில் ஒன்றுமில்லை.

அதைத் தூக்கிக்கொண்டு நான் கடற்பக்கத்து அறைக்குப் போகிறேன். விடிந்தும் விடியாத நேரம். மூன்று நாளாக விடாத மழை, முற்றமெல்லாம் சேறு. அறைக் கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே ஒரு கைப்பிள்ளை சிணுங்குகிறது, தாய் அதைத் தோளில் போட்டு முதுகைத் தட்டுகிறா. என்னைக் கண்டதும் சிரித்தபடி எழும்பி வந்து தட்டை வாங்குகிறா. வாங்கியவளின் கண் பீரிசில் விழுகிறது. ஒரு கணம்தான். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி உள்ளே கொண்டுபோகிறா.

நான் திரும்பி நடக்கிறேன். நடையில் ஒரு மிடுக்கு இருந்திருக்கும். நன்றாகச் செய்துவிட்டோம் என்ற நினைப்பு.

இரண்டு வாரங்களுக்கு முன் இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் அந்த வீட்டின் சரித்திரத்தை எழுதியிருந்தேன். கற்பிட்டிக் கரையில் என் கணவர் குடும்பம் நான்கு தலைமுறையாக நடத்திய தங்குமடம் அது. "அந்த வீட்டில் எந்த விருந்தாளியிடமும் வாயால் 'போங்கள்' என்று சொன்னதில்லை" என்று முடித்திருந்தேன். வாசகர்கள் உருகிவிட்டார்கள். கண்டியிலிருந்து ஒருவர், வாசித்ததும் கண்கலங்கியதாக எழுதியிருந்தார். இப்படியும் ஒரு வீடா என்று கேட்டிருந்தார்.

நான் எழுதியது பொய்யில்லை. உண்மைதான். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

முசாபர் வீடு

அந்த அத்தியாயத்தைத் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பிரயாணிகளை எங்கள் ஆட்கள் முசாபர் என்பார்கள். அதனால் ஊருக்குள் அது முசாபர் வீடு. கட்டியவர் என் கணவரின் பாட்டனுக்கு வாப்பா. ஊரில் அவருக்குச் சம்மாட்டி என்று பெயர். உப்பும் கொப்பறாவும் ஏற்றிச் சொந்தமாக வள்ளம் ஓட்டியவர். ஒருமுறை காற்றில் அடிபட்டு எங்கோ ஒரு கரையில் ஒதுங்கியபோது, யாரோ ஒரு குடும்பம் பெயரும் கேட்காமல் ஊரும் கேட்காமல் மூன்று நாள் சோறு போட்டதாம். திரும்பி வந்தவர் களப்போரத்தில், உப்பங்கழிக் கரையில், முருகைக்கல்லால் ஆறு அறை கட்டினார். காற்றில் மாட்டிக்கொண்டு வருகிறவனுக்கு மூன்று நாள் சோறும் பாயும் சும்மா. அதற்கு மேல் தங்குவதானால் அறை வாடகை. இல்லாவிட்டால் புறப்பட வேண்டும். நேர்மையான ஏற்பாடுதான்.

ஆனால் நாலாம் நாள் ஒருவனிடம் போய் அதை யார் சொல்வது? சம்மாட்டிக்கு அந்த வாய் இல்லை. ஒரு மாரியில் அத்தர் விற்கிற ஒருவன் வந்து சேர்ந்தான். காற்றும் திரும்பியது, மழையும் விட்டது, அவன் மட்டும் அசையவில்லை. வீடு முழுக்க அத்தர் வாசம். அவனுக்கு வாய் ஓயாது, வயிறும் நிறையாது. அந்நிய ஆணின் முன்னால் வராத சம்மாட்டியின் பெண்சாதி, அடுப்படியில் இருந்தே ஒரு வழி கண்டுபிடித்தா.

எங்கள் பக்கம் தேத்தண்ணியில் சீனி கலக்கிக் கொடுக்கிற பழக்கம் அப்போது இல்லை. வெறும் தேத்தண்ணியும், பக்கத்தில் ஒரு பீரிசில் சீனியும் வரும். உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து, தொட்டுத் தொட்டு நக்கிக் குடிக்க வேண்டும். அன்று காலை அவ தேத்தண்ணியோடு வெறும் பீரிசை அனுப்பினா. அத்தர்க்காரன் பீரிசைப் பார்த்தான், கோப்பையைப் பார்த்தான், நண்பகல் ளுஹர் தொழுகைக்கு முன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அன்றிலிருந்து அதுவே அந்த வீட்டின் முறையாகிவிட்டது. கரை முழுக்க எல்லோருக்கும் தெரியும். தலவிலத் தேவாலயத் திருநாளுக்குச் சிலாபத்திலிருந்து வருகிற கத்தோலிக்கக் குடும்பங்கள் எங்கள் வீட்டில் தங்குவார்கள். மூன்றாம் நாள் பின்னேரமே பாயைச் சுருட்டிக்கொண்டு, "நாளைக்குச் சீனி வராது, பிள்ளைகளே" என்று பகிடி பண்ணுவார்கள். என் மாமா, அதாவது கணவரின் வாப்பா, அதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரிப்பார்.

இதெல்லாம் முன்பே எழுதியதுதான். எழுதாமல் விட்டதை இனி எழுதுகிறேன்.

கற்றுக்கொண்ட மருமகள்

தொண்ணூறாம் ஆண்டு. மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் எங்கள் முஸ்லிம் சனத்தை ஆயுதம் ஏந்திய இயக்கத்தார் உடுத்த உடையோடு வெளியேற்றிய மாதம். மன்னார்ப் பக்கத்தார் பலர் வள்ளங்களில் வந்து எங்கள் கரையில் இறங்கினார்கள். நனைந்த பிள்ளைகள், வெறுங்கழுத்தோடு பெண்கள்.

எங்கள் ஊர் அன்று செய்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பள்ளிவாசல் திறந்தது, பள்ளிக்கூடம் திறந்தது, உலை வைக்காத வீடில்லை. தன் பிள்ளைக்கு வைத்திருந்த பாலைத் தூக்கிக் கொடுத்தவர்களை என் கண்ணால் கண்டேன். நான் சொல்லப்போகிற குற்றம் ஊருடையதல்ல.

எங்கள் வீட்டுக்கு நேரே இறங்கிய ஒரு குடும்பத்தை மாமா கையோடு கூட்டி வந்தார். ராலியா, அவரின் கணவர், கணவரின் உம்மா, இரண்டு சிறு பிள்ளைகள், ஒரு கைப்பிள்ளை. என்னைவிட ராலியாவுக்கு நாலைந்து வயது கூட. நான் ராத்தா என்றேன். அவர் என்னைத் தங்கச்சி என்றார்.

மூன்று நாள் நன்றாகவே பார்த்தோம். மாமி தன் சேலைகளில் இரண்டை எடுத்துக் கொடுத்தா. மாமா பிள்ளைகளுக்குப் பாண் வாங்கி வந்தார்.

மூன்றாம் நாள் பின்னேரம் ஒரு செய்தி வந்தது. ஒவ்வொரு வருடமும் வருகிற நீர்கொழும்புக் கருவாட்டு முதலாளி ஆட்களோடு வருகிறாராம், கடற்பக்கத்து அறை வேண்டுமாம். மாமா கேட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். மாமி வெங்காயம் உரித்தபடி, யாரிடமும் சொல்லாத மாதிரிச் சொன்னா: "நாளைக்கு நாலாம் நாள், என்ன?"

அவ்வளவுதான். யாரும் முடிவு எடுக்கவில்லை. பிற்பாடு நான் எத்தனையோ தரம் இந்த இடத்தில் மாமியைக் குற்றவாளியாக நிறுத்தப் பார்த்திருக்கிறேன். அவ சொன்னா, நான் செய்தேன் என்று. ஆனால் மாமி நாளைத்தான் சொன்னா. பீரிசைப் பற்றிச் சொல்லவில்லை.

நான் அப்போது கலியாணமாகி ஆறு மாதம். புத்தளம் நகரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். மீன் அரியத் தெரியாது, களப்பு நண்டு உடைக்கத் தெரியாது. மாமி வாய்விட்டுத் திட்டுகிற ஆளில்லை, நான் செய்ததைத் திரும்பச் செய்வா. நான் கழுவிய சட்டியை மறுபடி கழுவுவா. திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த வீட்டின் முறைகளெல்லாம் எனக்கும் தெரியும் என்று ஒருநாள் காட்டிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரே வெறி.

விடியச் சுபஹு தொழுதுவிட்டு, மாமிக்கு முந்தி அடுப்படிக்குப் போனேன். தேத்தண்ணி ஊற்றினேன். பீரிசைக் கழுவித் துடைத்து, வெறுமையாகத் தட்டில் வைத்தேன். யாரும் சொல்லாமல், என் கையால்.

மாமி வாசலில் நின்று தட்டைப் பார்த்தா. என் முக்காடு சரிந்திருந்தது, அதை இழுத்துச் சரிசெய்துவிட்டா. அந்த ஆறு மாதத்தில் அவ எனக்குக் காட்டிய முதல் அன்பு அது. எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. இதை எழுதவே எனக்குக் கேவலமாக இருக்கிறது, ஆனால் குளிர்ந்ததென்னவோ உண்மை.

காற்று திரும்பினால் புறப்படுகிற ஆட்களுக்காகச் சம்மாட்டி வைத்த மூன்று நாட்கள் அவை. இந்தக் குடும்பத்துக்குத் திரும்பிப் போக ஊரே இல்லை. ஒன்பதாம் வகுப்புவரை படித்த எனக்கு அது விளங்காமல் இல்லை. யோசிக்கத்தான் இல்லை.

ஒரு பேணிச் சீனி

அரைமணி கழித்து ராலியா ராத்தா அடுப்படிக்கு வந்தார். கழுவிய கோப்பைகள் ஒரு கையில். மற்றக் கையில் ஒரு சின்னத் தகரப் பால்மாப் பேணி. கைப்பிள்ளைக்குப் பால் கரைக்கும்போது போட வைத்திருந்த சீனி அது. வள்ளத்தில் நனையாமல் நெஞ்சோடு அணைத்துக் கொண்டு வந்த பேணி. முதல் நாளே எனக்குக் காட்டியிருந்தார்.

"தங்கச்சி, சீனி முடிஞ்சு போச்சுப் போல" என்றார். "நாங்க இத்தனை பேர் வந்து விழுந்தா முடியாம என்ன செய்யும். இதில பாதியை நீங்க வச்சுக்கொள்ளுங்க."

என் முதுகுக்குப் பின்னால் அலுமாரி. அலுமாரிக்குள் சீனிச் சாக்கு, பாதிக்கு மேல் இருந்தது.

நான் என்ன செய்திருக்கலாம்? 'சீனி இரிக்கி ராத்தா, மறந்துட்டேன்' என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஒரு பிடி அள்ளிப் பீரிசில் போட்டிருக்கலாம். அல்லது நேராகவே, 'இதுதான் இந்த வீட்டு முறை, ஆனா நீங்க போக வேணாம்' என்று சொல்லியிருக்கலாம். எல்லாம் இப்போது வரிசையாக வருகிறது. அப்போது என் மண்டைக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான். சீனி இருக்கிறது என்று சொன்னால் பீரிசு ஏன் வெறுமையாக வந்தது என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால், அந்த வீட்டில் ஒரு விருந்தாளியை வாயால் போகச் சொன்ன முதல் ஆள் நானாகிவிடுவேன்.

அதனால் வாங்கிக்கொண்டேன்.

"தாங்க ராத்தா" என்று சொல்லி, எங்கள் சீனிப் பேணியை நீட்டினேன். அவர் பாதியைக் கொட்டினார். கொட்டியதற்கு மேலும் ஒரு கரண்டி போட்டார். அன்று பின்னேரம் அந்தச் சீனியைத் தொட்டு நானும் தேத்தண்ணி குடித்தேன்.

ஐந்தாம் நாள் காலையும் வெறும் பீரிசுதான் போனது. தொடங்கிய ஒன்றை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று பத்து மணிபோல அவர்கள் புறப்பட்டார்கள். தெரிந்த சனம் தென்னந்தோட்டத்தில் கொட்டில் போடுகிறதாம், அங்கே போகிறோம் என்று ராத்தாவின் கணவர் மாமாவிடம் சொன்னார். மாமா அவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "இரிங்களே, மழை விடட்டும்" என்றார். அவர் சும்மா சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னார். தட்டில் என்ன போனது என்று பார்க்கிற வழக்கம் ஆண்களுக்கு ஏது.

அறையைக் கூட்டி, பாய்களை மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கருவாட்டு முதலாளி அந்த வருடம் வரவேயில்லை.

மாப்பு

மாமாவும் மாமியும் மௌத்தாகி வருடங்கள் பல ஓடிவிட்டன. வீடும் கைமாறிவிட்டது. இப்போது அது ஆங்கிலப் பெயர் வைத்த ஹோட்டல். பட்டம் கட்டிக் கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரர் வந்து தங்குகிறார்கள். நான் எழுதிய அத்தியாயத்தை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்விறாந்தையில் மாட்டியிருக்கிறார்கள். அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார் அங்கே மனேஜராக இருக்கிற தம்பி. கூடவே ஒரு கேள்வியும். புறப்படுகிற விருந்தாளிகளுக்குக் கடைசி நாள் வெறும் பீரிசோடு தேநீர் கொடுத்தால் வெள்ளைக்காரருக்குப் பிடிக்கும், செய்யலாமா என்று.

அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. சோறு அடிப்பிடித்த மணம் வந்துதான் எழும்பினேன்.

நானும் என் கணவரும் இந்த மாதக் கடைசியில் உம்ரா யாத்திரைக்குப் போகிறோம். போகுமுன் நாம் மனம் நோகச் செய்தவர்களைத் தேடிப்போய் மாப்புக் கேட்பது எங்கள் வழக்கம். வீடு வீடாகப் போனோம். சண்டைக்கார மச்சாளிடம் கேட்டேன், மீன்காரரிடம் கேட்டேன், பக்கத்து வேலிக்காரியிடமும் கேட்டேன். இப்படிக் கேட்கிற மாப்பு லேசானது. கேட்கிறவர் முடிக்குமுன்னே, "நாங்களும் உங்கட்ட மாப்பு" என்று கொடுக்கிறவர் சொல்லிவிடுவார். தேத்தண்ணி வரும், பலகாரம் வரும்.

"எல்லாம் முடிஞ்சா?" என்று அவர் கேட்டார்.

"ஒரு ஆள் மிச்சம்" என்றேன்.

யாரென்று சொன்னதும் முகத்தைச் சுளித்தார். "அந்தக் கதைய இப்ப ஏன் கிண்டுறீங்க? அவங்களுக்கு மறந்தே போயிருக்கும்."

ராலியா ராத்தா எங்கே இருக்கிறார் என்று எனக்கு எப்போதும் தெரியும். வண்ணாத்திவில்லுப் பக்கம் காணி வாங்கி, கஜுமுந்திரி நட்டு, பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்து, கணவரையும் பறிகொடுத்து, எல்லாம் எனக்குத் தெரியும். ஒருமுறை புத்தளத்துப் புடவைக் கடையில் அவரைக் கண்டேன். கண்டவுடன் துணி அடுக்கியிருந்த தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் போகும்வரை நின்றேன். கடைப் பிள்ளை நான் ஏதோ களவெடுக்கிறேன் என்று நினைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்ணாத்திவில்லுப் பாதையில்

போன வியாழக்கிழமை போனோம். கணவர் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். நான் மட்டும் உள்ளே போனேன்.

ராத்தா பின்பக்கத்துத் தாழ்வார இறக்கில் ஒரு பலகையில் குந்தியிருந்து, கட்டையால் கஜு உடைத்துக்கொண்டிருந்தார். கஜுப் பால் பட்டால் கை பொத்துவிடும் என்பதால் விரலெல்லாம் சாம்பல் பூசியிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆள் யாரென்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இருங்க தங்கச்சி" என்று கதிரையைக் காட்டினார். "உங்கட எழுத்தை மகள் வாசிச்சுக் காட்டினாள். நல்லா இருந்துச்சு."

அவர் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நான் சொல்லத் தொடங்கினேன். வெறும் பீரிசுக்கு என்ன அர்த்தம், அதை யார் வைத்தது, மாமியல்ல, நான்தான் என்றெல்லாம். "உங்களுக்குத் தெரியாம இருந்திச்சு, நீங்க எங்கட வீட்டுல சீனி இல்லையெண்டு நெனச்சு..." என்று நான் சொல்லும்போது அவர் கட்டையைக் கீழே வைத்தார்.

"ஆர் தெரியாதெண்டது?" என்றார். "வள்ளக்காரன் கரைக்கு வரமுன்னமே சொல்லிட்டான். அந்த வீட்டில மூண்டு நாள் பாப்பாங்க, சீனி வராட்டி எழும்பிடுங்க எண்டு."

ராத்தா விரல்களில் இருந்த சாம்பலைத் தட்டினார்.

"கைக்குள்ள இருந்த சின்னவனுக்கு அண்டைக்குக் காய்ச்சல். மழைக்குள்ள கொண்டு போகப் பயம். இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டா எண்டு கேக்க எனக்கு வாய் வரல்ல. ஏழு தலைமுறையா ஆரிட்டயும் கேட்டுப் பழகாத ஆக்கள் நாங்க. அதான் அந்தச் சீனியைக் கொண்டு வந்தன். நீங்க வாங்கினீங்க. வாங்கினதும், ஓம் எண்டு சொல்லிட்டீங்க எண்டு நினைச்சன். போய் அவருக்கும் சொன்னன், இருக்கச் சொல்லிட்டாங்க எண்டு. அவர் சிரிச்சார். வீட்டை விட்டு வந்ததுக்குப் பிறகு அண்டைக்குத்தான் சிரிச்சார்."

அடுத்த நாள் காலைத் தட்டைப் பற்றி அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை.

"பிள்ளை?" என்று கேட்டேன்.

"பிழைச்சிட்டான், அல்ஹம்துலில்லாஹ். கட்டார்ல இருக்கான். ஒரு காது மட்டும் கேக்காது. அது அந்தக் காய்ச்சலோ, கொட்டிலில வந்த வேற காய்ச்சலோ, எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லக் கூடாது."

நான் கதிரையை விட்டு இறங்கி அவர் முன்னால் நிலத்தில் இருந்தேன். மாப்புத் தாங்க ராத்தா என்றேன். இதுவரை வீடு வீடாகக் கேட்டு வாய்க்குப் பழகிப்போயிருந்த அந்தச் சொல் அங்கே வர மாட்டேன் என்றது. இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

"எதுக்கு?" என்றார்.

"வெறும் பீரிசு வச்சதுக்கு."

"அதுக்கு அண்டைக்கே மன்னிச்சிட்டன். அது உங்கட வீட்டு முறை. ஊர் அறிஞ்ச முறை. சீனியை வாங்கினீங்களே, அதுக்குக் கேளுங்க."

கேட்டேன். அழுதேனா என்று நினைவில்லை. அழுதிருந்தால் அது எனக்காக அழுததாகத்தான் இருக்கும்.

ராத்தா கட்டையை எடுத்து மூன்று நாலு கஜு உடைத்தார். பருப்பு முழுசாக வந்ததை ஒரு பக்கமும் உடைந்ததை ஒரு பக்கமும் போட்டார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்:

"தெரியாது தங்கச்சி. உள்ளுக்கு இல்லாம வாயால மட்டும் தந்தா அது உங்களுக்கும் கூடாது, எனக்கும் கூடாது. யோசிச்சுச் சொல்றன்."

எங்கள் பயணம் மாதக் கடைசி என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை. வெளியே கணவர் ஹோர்ன் அடித்தார். ராத்தாவின் மகள் என் தொலைபேசி இலக்கத்தை வாங்கி வைத்துக்கொண்டாள்.

மனேஜர் தம்பியிடம் அந்தச் சட்டத்தைக் கழற்றச் சொன்னேன். ஏன் மெடம், எல்லாரும் நிண்டு படம் எடுக்கிறாங்களே என்கிறார். இந்த இதழையும் அவருக்கு அனுப்புவேன். பக்கத்தில் மாட்டுவாரோ, மாட்டமாட்டாரோ.

பெட்டிகள் கட்டி வாசலில் இருக்கின்றன. "அவ கோல் எடுத்தாவா?" என்று என் கணவர் தினமும் கேட்கிறார். இல்லை என்கிறேன். "அப்ப நீங்க எடுத்துக் கேளுங்களேன், நாள் கிட்ட வந்திட்டுதே" என்கிறார்.

நாள் கிட்ட வந்துவிட்டது என்று எனக்கும் தெரியும். ஆனால் ராத்தாவுக்கு நான் நாள் குறிக்கப் போவதில்லை.